அண்ணியின் எரிச்சல்

பிப்ரவரி 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான்கு வருடம் ஆகிவிட்டதால் முதலில் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் அண்ணனின் மனைவி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. என் வயது உங்களுக்கு நன்றாகவே தெரியும். உங்கள் மருந்துக்கடை திறந்த அன்று இருபது பேர் கேட்க அதைச் சொன்னவரே நீங்கள்தான்.

சமாதானம் பேச இதை எழுதவில்லை. மருந்துக்கடைக்காரருக்கு ஒரு நோயாளி எழுதுகிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருமுனையிலும் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. ஆனால் அதன் முதலாளி எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார், தினமும் படிக்கட்டில் முகத்தைப் பார்க்க வேண்டும். ஃபோனில் என்றால் எனக்கு வாய் வராது. எழுத்தில் வருகிறதா என்று பார்க்கிறேன்.

விஷயம் இதுதான். இரண்டு வருடமாக எனக்கு எரிச்சல். காலையில் எழுந்ததுமே ஆரம்பித்துவிடுகிறது. கிரேன் கேபினில் ஏறி உட்கார்ந்தால் இன்னும் அதிகம். நான்கு மணி நேரம் ஒரே இருக்கை, கண் கீழே தொங்கும் கொக்கியில், இரண்டு கையும் கைப்பிடியில். போன மாதம் ஒரு நாள் எரிச்சல் தாங்க முடியாமல் பாரத்தை அந்தரத்திலேயே விட்டுவிட்டு இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். இறங்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு பெட்டியைக்கூடத் தவறவிட்டதில்லை. சரி, வீட்டுக்கு வந்தால் உங்கள் அண்ணன். அவர் ஆசையாகப் பக்கத்தில் வந்துவிட்டால் எரிச்சல் இரட்டிப்பு. மறுநாள் முழுவதும் இருக்கும்.

இதற்கு மருந்து உண்டா?

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் அண்ணனைத் தொலைவில் ஒரு படகுப் பட்டறையில் எஞ்சின் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வருடம். மே இரண்டாம் தேதி கப்பல். என்னைக் கேட்கவில்லை, தகவலாகச் சொன்னார். "உனக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" என்றார். "சரி, போங்க" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடத்தில் நாங்கள் ஒரு வாரம் பிரிந்து இருந்ததில்லை. அவர் போவது எனக்குப் பிடிக்கவில்லை. இது சரியானால் அவரும் இருந்துவிடுவாரோ என்று ஒரு நினைப்பு. அதனால்தான் வெட்கத்தை விட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தை உறைமேல் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. உள்ளே படித்த பிறகு அந்தச் சந்தோஷத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

சொந்தக் கடை வைப்பதற்கு முன்பிருந்தே, இருபது வருடமாக மருந்து விற்கிறேன். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக வந்து கேட்டிருக்கிறார்கள். "புருஷன் பக்கத்துல வந்தா எரிச்சலா வருது, மருந்து குடு" என்று, அதுவும் அந்தப் புருஷனின் கூடப்பிறந்தவளிடமே கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அவன் அப்படி என்ன செய்துவிட்டான்? எஞ்சின் எண்ணெய் வாசனையோடு வீட்டுக்கு வந்தான். குளிக்கும்போது விசிலடித்தான். அரை டம்ளர் டீயை ஆறவைத்துவிட்டு மறந்துபோனான். முப்பது வருடமாக இதோடுதானே குடித்தனம் செய்தீர்கள்? இப்போது புதிதாக என்ன?

நோயாளி என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் என் கடமைக்குச் சொல்கிறேன். எரிச்சல் வரும்போது மூச்சை நன்றாக இழுத்து விட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். காபியைக் குறையுங்கள். சாயங்காலம் அரை மணி நேரம் நடங்கள், முடிந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வயதில் மனம் சட்டென்று கொதிக்கும், அது இயற்கைதான். அதற்கு மேல் எரிந்து விழுகிறவர்களுக்குக் கொடுக்க என் கடையில் மருந்து இல்லை.

ஃபேன் விஷயம். கடை திறந்த அன்று உங்களுக்கு முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. "அண்ணிக்கு அந்த வயசு வந்துடுச்சு, ஃபேனை அவங்க பக்கம் திருப்புங்க" என்றேன். உங்களுக்குக் காற்று வரட்டும் என்று சொன்னது. சாப்பிடாமல் எழுந்து போனீர்கள். நான்கு வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 17

நாத்தனாருக்கு,

பத்து வரை எண்ணினேன். எரிந்துகொண்டே எண்ணினேன். பத்து முடிந்த பிறகும் எரிந்தது.

எனக்குக் கோபம் இல்லை, அம்மா தாயே. எரிச்சல். எரிகிறது. வெட்டுக்காயத்தில் சோப்புத் தண்ணீர் பட்டால் எரியுமே, அந்த எரிச்சல். எங்கே என்று எழுதத்தான் இது நான்காவது தாள். முதல் தாளில் "அடிவயிற்றுக்குக் கீழே" என்று எழுதினேன். உங்கள் புத்திக்கு அது முழங்கால் என்று தோன்றி, தைலம் வந்து சேரும் என்று கிழித்துவிட்டேன். இரண்டாவதில் "அந்தரங்கமான இடத்தில்". மூன்றாவதில் வெறும் "அங்கே". சரி, எழுதியே விடுகிறேன். பெண்ணுறுப்பில். உள்ளேயும் வெளியேயும். எழுதிவிட்டேன், கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

மாதவிலக்கு நின்று ஐந்து வருடமாகிறது. வியர்வையும் படபடப்பும் வந்தது, போனது. அது போனபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகுதான் இது வந்தது. காய்ந்துபோன மாதிரி இருக்கிறது. அரிக்கிறது. நடந்தால் உராய்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க வேண்டும் போல வருகிறது, போனால் அதுவும் எரிகிறது. கேபினிலிருந்து தரைக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. ஒரு மணிக்கு ஒரு தரம் இறங்கி ஏற முடியுமா? அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். அவரோடு சேர்ந்து இருந்தால் கத்தியால் கீறின மாதிரி வலி.

சுத்தம் போதவில்லையோ என்று வெந்நீரில் கிருமிநாசினி கலந்து இரண்டு வேளை கழுவுகிறேன். வாசனை சோப்பும் போடுகிறேன். ஒரு கடையில் அரிப்புக்கான களிம்பு என்று வாங்கினேன், அதுவும் கேட்கவில்லை.

இப்போதாவது புரிந்ததா, இல்லை பதினொன்று வரை எண்ணட்டுமா?

அண்ணி

பிப்ரவரி 22

அண்ணீ,

கடையில் ஆள் இருக்கும்போது உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். இருபது வருடம் மருந்து விற்று என்ன பிரயோஜனம்? எரிகிறது என்று எழுதினவருக்கு எரிந்து விழாதே என்று பதில் எழுதியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள். ஃபேனுக்கும் சேர்த்து. காற்று வரட்டும் என்று நினைத்தது நிஜம், ஆனால் அதை ஊர் கேட்கச் சொல்லியிருக்க வேண்டாம்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். அந்தக் கிருமிநாசினியை எடுத்துத் தரையைத் துடையுங்கள், அது தரைக்குத்தான். வாசனை சோப்பும் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதீர்கள், சிறுநீர் கெட்டியானால் இன்னும் எரியும்.

உங்களுக்கு வந்திருப்பது அதிசயம் இல்லை. மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடும். அந்த இடத்துத் தோல் மெலிந்துபோகும், ஈரம் வற்றும், லேசாக உராய்ந்தாலே எரியும். சிறுநீர்ப்பாதை பக்கத்திலேயே இருப்பதால் அதையும் சேர்த்துப் படுத்தும். ஏராளமான பெண்களுக்கு வருகிறது, வாய் திறக்கிறவர்கள்தான் குறைவு. வியர்வை தானாக நின்றது மாதிரி இது தானாக நிற்காது. ஆனால் மருந்துக்குக் கேட்கும்.

எளிதானதிலிருந்து சொல்கிறேன். ஈரம் காக்கிற ஜெல் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை உள்ளே போட வேண்டும், அண்ணன் வந்தாலும் வராவிட்டாலும். இன்னொன்று வழுக்கும் ஜெல், அது சேர்ந்து இருக்கும் நேரத்துக்கு மட்டும். இரண்டுக்கும் டாக்டர் சீட்டு தேவையில்லை. இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. பெட்டியின் மேல் "உதிரி பாகம்" என்று எழுதியிருக்கிறேன், வீட்டில் யாரும் பிரிக்க மாட்டார்கள்.

அது போதாவிட்டால் அங்கேயே வைக்கிற ஹார்மோன் மருந்து. கிரீமாக வரும், சின்ன மாத்திரையாக வரும், வளையமாகவும் வரும். இதை நான் தர மாட்டேன், டாக்டர் எழுத வேண்டும். ஹார்மோன் என்றதும் புற்றுநோய் என்று அலறாதீர்கள். இதில் அளவு மிகக் குறைவு, ரத்தத்தில் கலப்பது சொற்பம். ஆனால் ஏற்கெனவே மார்பில் புற்றுநோய் வந்தவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லிக் கேட்காமல் தொடக்கூடாது. உங்களுக்கு எப்போதாவது ரத்தம் பட்டதா? மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டிருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். எரிச்சலுக்குக் கிருமி காரணமாக இருக்கலாம், தோல் நோயும் காரணமாக இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். அதனால் இந்த வாரமே ஒரு பெண் டாக்டரைப் போய்ப் பாருங்கள். என்மேல் ஆணை என்று எழுத வந்தேன், நான்கு வருடம் பேசாமல் இருந்தவரிடம் அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஒரு கேள்வி. அண்ணனுக்கு இது தெரியுமா?

சிட்டு

(நீங்கள் அப்படிக் கூப்பிட்டு நாளாகிறது. நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.)

மார்ச் 9

சிட்டு,

உரிமை இருக்கிறது. நினைவும் இருக்கிறது. பார்சல் பத்திரமாக வந்தது. உன் அண்ணன்தான் வாங்கி வைத்தார். "கிரேனுக்கு உதிரி பாகம் என் தங்கச்சியா அனுப்பறா?" என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவே இல்லை. அவர் இப்போதெல்லாம் எதையும் கேட்பதில்லை.

டாக்டரைப் பார்த்தேன். நம் மகள் வயதுதான் இருக்கும். மேசைமேல் ஒரு பொம்மை இடுப்பு வைத்திருந்தார், அதைத் திறந்து காட்டினார். எனக்குள் அப்படியெல்லாம் இருக்கிறது என்று ஐம்பத்து நான்கு வயதில் தெரிந்துகொண்டேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லலையா?"

"என் நாத்தனார்கிட்ட சொன்னேன். பத்து வரைக்கும் எண்ணச் சொன்னா."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். உன் பெயரைக் காப்பாற்ற நான் மெனக்கெடவில்லை.

படுக்கவைத்துப் பார்த்தார். வலிக்கும்போது நிறுத்தினார், கேட்டுக்கொண்டுதான் தொடர்ந்தார். கிருமி இல்லை. சிறுநீரையும் சோதித்தார்கள், அதுவும் சரி. நீ சொன்னதேதான், வறட்சி. ரத்தம் பட்டதா என்று அவரும் கேட்டார், இல்லை என்றேன். பிறகு "ரிங் வெச்சுக்கறீங்களா?" என்றார். நான் என் விரலைப் பார்த்தேன். அது அந்த ரிங் இல்லையாம், உள்ளே வைப்பதாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவதாம். எனக்குச் சின்ன மாத்திரைதான் சரியென்று தோன்றியது. கிரீம் என்றால் கை வழுக்கும், என் தொழிலில் கை வழுக்கக்கூடாது. மாத்திரையை மெல்லிய குழாயில் வைத்து உள்ளே செலுத்த வேண்டும். இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு இரண்டு. முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம் என்றார். உன் ஜெல்லையும் விடாமல் போடச் சொன்னார். பயத்தில் இடுப்புத் தசை இறுகிப்போயிருக்கிறதாம், அதைத் தளர்த்தப் பயிற்சி சொல்லித் தரும் ஒரு அம்மாவிடம் அனுப்பியிருக்கிறார்.

மூன்று மாதம் என்றதும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மே இரண்டாம் தேதிக்கு எட்டு வாரம்கூட இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் அண்ணனுக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பே சொல்லிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்தில் வந்து படுத்தார். "எரிச்சலா இருக்குங்க, கொஞ்ச நாளைக்குத் தள்ளியே படுங்க" என்றேன். "சரிம்மா" என்றார். தலையணையை எடுத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த மகளின் அறைக்குப் போனவர்தான், திரும்பவில்லை. எப்படி இருக்கிறது, குறைந்ததா, டாக்டரிடம் போகலாமா, ஒரு கேள்வி கேட்க வேண்டுமே? இல்லை. ஒதுங்கிப் போனார். நீ விசில் என்று எழுதியிருந்தாய். அவர் விசிலடித்து இரண்டு வருடமாகிறது. சாப்பாடும் பாதி நாள் வேலை பார்க்கும் பட்டறையிலேயே. உடம்பு சரியில்லாத பெண்டாட்டி இனி எதற்கு என்று நினைத்துவிட்டார் போல. இப்போது ஒரேயடியாகப் புறப்படுகிறார். எனக்கு வருத்தம், சிட்டு. எரிச்சலை விட அது அதிகம்.

அண்ணி

மார்ச் 14

அண்ணி,

எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உட்கார முடிந்தால்.

அண்ணனிடம் நீங்கள் சொன்ன அந்த வாக்கியத்தை இன்னொரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "எரிச்சலா இருக்குங்க, தள்ளியே படுங்க." மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கே அது எப்படிக் கேட்டது? அவன் எஞ்சின் மெக்கானிக்.

எனக்கு இப்போதுதான் எல்லாம் விளங்குகிறது. இரண்டு வருடம் முன்பு அவன் ஃபோன் செய்தான். "உங்க அண்ணிக்கு என்மேல ஒரே எரிச்சல், சிட்டு. நேராவே சொல்லிட்டா. பக்கத்துல படுத்தாக்கூட ஆகல" என்றான். நான் அப்போது உங்கள்மேல் கோபத்தில் இருந்தேன். "அவங்களுக்கு யார்மேலதான் இல்ல? விடு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாவம் என்னுடையது.

அதன் பிறகு அவன் என்னென்ன செய்தான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தான். எண்ணெய் வாசனை உங்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று பட்டறையிலேயே குளித்துவிட்டு வந்தான். விசில் சத்தம் தலைவலியாக இருக்குமோ என்று நிறுத்தினான். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்தால் உங்கள் முகம் சுளிக்கிறது என்று முன்பே சாப்பிட்டுவிட்டு வந்தான். முகம் ஏன் சுளித்தது என்று இப்போது நமக்குத் தெரியும், மேசையடி மரநாற்காலி உராய்ந்து எரிந்திருக்கும். போன டிசம்பரில் சொன்னான், "ரெண்டு வருஷம் கண்ணுல படாம இருந்தா ஒருவேளை அவளுக்கு எரிச்சல் தணியும்." அதற்குத்தான் அந்த வேலைக்குச் சரி என்றான்.

நீங்கள் அவன் கேட்கவில்லை என்று இருந்தீர்கள். அவன் உங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கேட்காமல் இருந்தான். ஒரே வீட்டில்!

நானே ஃபோனை எடுத்து அவனிடம் சொல்லிவிடலாம். கையில் எடுத்தும் விட்டேன். வைத்துவிட்டேன். இது உங்கள் வாயால் வர வேண்டும், அண்ணி. இந்தத் தடவை வேறு வார்த்தையில் சொல்லுங்கள்.

சிட்டு

ஏப்ரல் 7

சிட்டு,

சொல்லிவிட்டேன். மூன்று வாரம் ஆயிற்று சொல்ல. திட்டாதே.

உன் கடிதத்தைப் படித்த அன்று அவர் வேலையிலிருந்து வந்து செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொந்த வீட்டில் திருடன் மாதிரி நடந்துகொண்டிருந்திருக்கிறார், நான் அதையும் அலட்சியம் என்று நினைத்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. இருந்தாலும் வாய் வரவில்லை. தினமும் காலையில் இன்று என்று நினைப்பேன், சாயங்காலம் நாளை என்று விட்டுவிடுவேன்.

போன ஞாயிறு காலை அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாகப் பாத்திரம் அவருடைய வேலை. ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார்களே ஒரு துண்டுத்தாள், அதைக் கொண்டுபோய் நீட்டினேன். "கையைத் துடைச்சுட்டு இதைப் படிங்க."

உன் அண்ணனைத்தான் தெரியுமே. எந்தத் தாளைக் கொடுத்தாலும் தலைப்பிலிருந்து ஆரம்பிப்பார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, நின்றபடியே, எப்படிச் செலுத்துவது, எங்கே வைப்பது, எத்தனை டிகிரியில் பாதுகாப்பது, கடைசியில் தயாரித்தவர் விலாசம் வரைக்கும் படித்தார். குழாயின் பாகங்கள் போட்டிருந்த படத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது உனக்கா?"

"இல்ல, கிரேனுக்கு."

சிரிக்கவில்லை. "வலிக்குதா?"

"ரெண்டு வருஷமா. அன்னிக்கு எரிச்சல்னு சொன்னேனே, இதைத்தான் சொன்னேன்."

திரும்பித் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஒரு தட்டைக் கழுவினார். ஏற்கெனவே கழுவின தட்டு. "அப்போ என்மேல இல்லையா?" என்றார்.

"இல்லீங்க."

இன்னொரு தட்டு. "என்மேல கொஞ்சங்கூட இல்லையா?"

"கொஞ்சம் இருக்கு. ஈரத் துண்டைக் கட்டில்மேல போடறதுக்கு."

அவ்வளவுதான், அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சோப்பு நுரையோடு கையை முகத்தில் வைத்து அழுதார். நுரை கண்ணில் போய் அது வேறு. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தரை சில்லென்று இருந்தது, எனக்கு அது சுகமாகவே இருந்தது. "எஞ்சின்ல சத்தம் கொஞ்சம் மாறினாலே ஏன்னு கேக்கறவன் நான். உன்னை ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். "நான் மட்டும் என்ன, புரியற மாதிரி சொன்னேனா?" என்றேன். டீ ஆறிப்போயிற்று, இரண்டு டம்ளரும்.

மருந்து வேலை செய்கிறது. அரிப்பு நின்றுவிட்டது. சிறுநீர் எரிச்சல் பாதி. கேபினில் இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரிவதில்லை. பயிற்சி சொல்லித் தருகிற அம்மா மூச்சை விட்டுக்கொண்டே தசையைத் தளர்த்தச் சொல்கிறார். அவரும் பத்து வரை எண்ணச் சொல்கிறார், உனக்குச் சந்தோஷமா?

தலையணை எங்கள் அறைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் பெட்டி கட்டுவது நிற்கவில்லை. கருவிகளுக்கென்று பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு மரப்பெட்டி, ஆள் உயரத்தில் பாதி, கூடத்தில் கிடக்கிறது. தினமும் ஒரு ஸ்பேனரைத் துடைத்து உள்ளே வைக்கிறார். "வாக்கு குடுத்துட்டேன்" என்கிறார். நேற்று சாப்பிடும்போது, "நான் போகலன்னா அந்த இடத்துக்கு இன்னொருத்தர் ரெடியா இருக்காராம், அந்தப் படகுப் பட்டறைக்காரங்க சொன்னாங்க" என்றார்.

"அப்படியா" என்றேன்.

அண்ணி

ஏப்ரல் 13

அண்ணி,

உங்கள் கடிதம் முழுவதும் படித்து அழுதுகொண்டே வந்தேன். கடைசி வரியில் அழுகை நின்று தலையில் அடித்துக்கொண்டேன். "அப்படியா"வா? ஒரு மனுஷன் சோற்றில் கை வைத்துக்கொண்டு, போகாதே என்று சொல்லேன் என்று கெஞ்சுகிறான், நீங்கள் "அப்படியா" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினீர்களா?

அவனாக இருந்துவிடுவான் என்று நீங்கள் காத்திருப்பது தெரிகிறது. இருக்க மாட்டான். முதலில் நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் ஒதுங்கினான். இப்போதும் நீங்கள் சொன்னால்தான் நிற்பான். பெண்ணுறுப்பு என்று எழுதிவிட்டீர்கள், டாக்டரிடம் கால் விரித்துப் படுத்துவிட்டீர்கள், போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன வெட்கம்?

எனக்கும் மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. நேற்று கடையில் நான்கு பேர் நிற்கும்போது குப்பென்று வியர்த்தது. ஃபேனை நானே என் பக்கம் திருப்பிக்கொண்டேன். உங்களை நினைத்துக்கொண்டேன்.

வழுக்கும் ஜெல் இன்னொரு டியூப் இத்துடன் வைத்திருக்கிறேன். கூச்சப்படாமல் தாராளமாகப் போடுங்கள். அவசரம் வேண்டாம், வலித்தால் நிறுத்துங்கள்.

சிட்டு

மே 3

சிட்டு,

நேற்று நடந்ததை வேறு யாராவது உனக்குச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். துறைமுகம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது, உன் ஊருக்கு வர எத்தனை நேரம் ஆகும்?

முதலில் நோயாளியின் விவரம். மருந்து ஆரம்பித்து எட்டு வாரம் ஆகப்போகிறது. முழுசாகப் போகவில்லை, ஆனால் நேற்று முன்தினம் நான்கு மணி நேரம் ஓட்டி முடித்து இறங்கும்போதுதான் எரிச்சல் என்ற ஒன்று இருந்ததே நினைவுக்கு வந்தது. தண்ணீர் குடிக்கிறேன். இடையில் ஒரே ஒரு முறைதான் இறங்குகிறேன். நீ அனுப்பிய டியூப் பயன்பட்டது. வலி கொஞ்சம் இருந்தது, சொன்னேன், நிறுத்தினார், பிறகு வேறொரு நாள் வலி இல்லை. இதற்கு மேல் கேட்காதே, அவர் உன் அண்ணன்.

இனி மே இரண்டு. முந்தின நாள் வரை நான் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த போதெல்லாம் அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார், ஷேவிங் செட்டைத் தேடிக்கொண்டிருந்தார். காலையில் எனக்கு ஷிப்ட். வாசலில், "மத்தியானம் கப்பல்ல ஏறும்போது மேல பார்க்கறேன்" என்றார். "ம்" என்றேன். நான் ஏறிப் போய்விட்டேன்.

அந்தக் கப்பலுக்குப் பாரம் ஏற்றியதும் நான்தான். பதினோரு மணி வரைக்கும் மூட்டை, இரும்புக் குழாய், பீப்பாய். பிறகு கீழே மேஸ்திரி பயணிகளின் பெரிய சாமான்களைக் கொண்டுவந்து அடுக்கினார். கேபினின் கண்ணாடித் தரை வழியாகப் பார்த்தால் பச்சைப் பெட்டி. அதன் பக்கத்தில் உன் அண்ணனின் வழுக்கைத் தலை. அவ்வளவு உயரத்திலிருந்து அவர் அரைக்கைச் சட்டையும் தலையும் மட்டும்தான் தெரிந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியைச் சுற்றிப் பட்டை போட்டார்கள். என் கொக்கியில் மாட்டினார்கள்.

"மேல்வீட்டம்மா, தூக்கலாம்" என்று மேஸ்திரி ரேடியோவில் சொன்னார். எப்போதும் மேலேயே இருப்பதால் என்னை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கைப்பிடியில் கை இருக்கிறது, சிட்டு. கொஞ்சம் இழுத்தால் போதும். இருபத்தாறு வருடமாக இழுத்த கை. இழுக்க வரவில்லை.

"மேல்வீட்டம்மா? என்ன ஆச்சு? காத்தா?"

காற்று இல்லை. "ரேடியோவை அவர்கிட்ட குடுங்க" என்றேன். அந்த ரேடியோவில் பேசினால் ஆறு கிரேனிலும் கேட்கும், கேட் ஆபீஸில் கேட்கும், கப்பல் மேல்தட்டில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும். எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் பொத்தானை அழுத்தினேன்.

"என்னங்க, போகாதீங்க."

வேறு கிரேன் ஏதாவது ஓடிக்கொண்டிருந்ததா என்று நினைவில்லை. கீழே அவர் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சரியாகக் கேட்கவில்லையோ, மறுபடியும் வேறு ஏதாவது புரிந்துகொண்டாரோ என்று பயந்து இன்னொரு முறை அழுத்தினேன். "எனக்கு நீங்க வீட்டுல வேணும். பக்கத்துல வேணும். போகாதீங்க."

அவர் ரேடியோவை மேஸ்திரி கையில் கொடுத்தார். கொக்கியைத் தானே கழற்றினார்.

கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரி குரல் வந்தது. "மேல்வீட்டம்மா, உங்க வீட்டுக்காரர் பெட்டிமேல ஏறி உட்கார்ந்துட்டாரு. கப்பல்லயும் ஏற மாட்டேங்கறாரு, பெட்டியையும் நகர்த்த விட மாட்டேங்கறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"உட்காரட்டும். ரெண்டு மணிக்கு நான் எறங்கி வந்து கூட்டிட்டுப் போறேன். அடுத்த பாரத்தை மாட்டுங்க" என்றேன்.

உன் அண்ணி